காது சொல்வதும் கணக்குச் சொல்வதும்



சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, இன்று பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். பாட்டுக் கேட்பதென்றால் அவருக்கு உயிர். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில் பஜனையில் முன்பாட்டுப் பாடியவர். மகன் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து, ஒரு கணினி, அந்தக் கணினி தரும் எண்களை ஒலியாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று, ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் என ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருக்கிறார்.

காப்பி குடித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "சார், என் பாட்டெல்லாம் ஃபிளாக் என்ற வகையில் இருக்கு. வேவ் என்ற வகையில் கேட்டால்தான் முழு இனிமை வரும் என்று விற்பவர் சொல்கிறார். எல்லாவற்றையும் வேவாக மாற்றினால் இடம் போதாது. 400 வெள்ளிக்குப் பெரிய டிஸ்க் வாங்கணுமாம். வாங்கட்டுமா?"

அந்த 400 வெள்ளி, மகளின் பள்ளிச் செலவுக்காக எடுத்து வைத்த பணம் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்.

நேயர்களே, இது கணினி வைத்திருப்பவர்களின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்களுக்கும், அலமாரியில் பழைய ஒலிநாடா வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே அவர் கேட்ட கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

முதலில், பாட்டு எப்படிக் கணினிக்குள் போகிறது? ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். 1982ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், இடக் காதுக்கும் வலக் காதுக்கும் தனித்தனியே நொடிக்கு 44,100 எண்கள். ஐந்து நிமிடப் பாட்டை அப்படியே எழுதினால் ஏறத்தாழ 53 மெகாபைட் இடம் பிடிக்கும். வேவ் என்பது வழக்கமாக இப்படி எண்களை ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதி வைக்கும் முறை. 1991ஆம் ஆண்டில் வந்தது.

ஃபிளாக் அதே எண்களைச் சுருக்கி எழுதும் முறை. அதன் முதல் முழுப் பதிப்பு 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 2004ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த அலாக் என்பதும் இதே இனம். இவை சாதாரணமாக ஒரு பாட்டைப் பாதியளவுக்கோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சுருக்கிவிடும்.

"சுருக்கினால் எதுவும் குறையாதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நம் தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டும் ஒருவர் ஆறு நாளில் கொண்டுவந்த பாலைக் கிராணியார் எழுதுகிறார்: 31, 32, 32, 33, 32, 32 கிலோ. இதையே அவர் வேறுவிதமாகவும் எழுதலாம். முதல் நாள் 31; பிறகு ஒன்று கூட, மாற்றமில்லை, ஒன்று கூட, ஒன்று குறைய, மாற்றமில்லை. எழுதும் எண்கள் சிறியவை, இடமும் குறைவு. ஆனால் எந்த நாள் எத்தனை கிலோ என்று கேட்டால் திரும்பவும் 31, 32, 32, 33, 32, 32 என்று சொல்லிவிடலாம். ஒரு கிராம்கூடத் தவறாது. ஃபிளாக் செய்வது ஏறக்குறைய இதுதான். முன்னால் வந்த எண்களை வைத்து அடுத்த எண்ணை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. பாட்டைப் போடும்போது பழைய எண்களை அப்படியே மீட்டுக் கொடுத்துவிடுகிறது.

எம்.பி.3 என்பது வேறு இனம். அதே ஆறு நாளையும் கிராணியார் "நாளுக்கு 32 கிலோ" என்று ஒரே வரியில் எழுதிவிட்டார் என்று வையுங்கள். மொத்தம் 192 கிலோ சரியாகவே வரும். சம்பளமும் சரியாகவே வரும். ஆனால் 33 கிலோ வந்தது எந்த நாளில் என்று கேட்டால் அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. போனது போனதுதான். காதுக்குப் பெரிதாகத் தெரியாதவற்றை விட்டுவிட்டு எம்.பி.3 இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட எம்.பி.3யைக் கேட்டு வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் முதலில் இருந்த எண்களை அதிலிருந்து யாராலும் மீட்க முடியாது.

இதையெல்லாம் என் மாணவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கணக்கு அப்படிச் சொல்லலாம். என் காது வேறு மாதிரி சொல்லுதே! ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்கள்" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே பாட்டை முதலில் ஃபிளாக்கிலும் பிறகு வேவிலும் போட்டார். நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வேறுபாடு தெரிந்தது! வேவில் பாடகர் ஓரடி முன்னால் வந்து நின்று பாடுவதுபோல் இருந்தது. முதல் வாரம் அத்தனை விளக்கம் சொன்ன நான் பேச்சின்றி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே கேட்பது சோதனை ஆகாது. ஆகவே நாங்கள் இருவரும் கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் அவர் மகள் 20 சென் காசைச் சுண்டுவாள். ஒரு பக்கம் விழுந்தால் வேவ், மறுபக்கம் விழுந்தால் ஃபிளாக். எதைப் போட்டாள் என்பதை அவள் தன் நோட்டில் குறித்துக்கொள்வாள். எங்கள் விடையை நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுவோம். இப்படிப் பத்து முறை. முடிவைப் பார்த்தால், இருவருக்கும் பத்துக்குப் பத்து! என் மாணவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

அப்போதுதான் அந்தச் சிறுமி கேட்டாள்: "சார், ஒண்ணு சத்தமா கேக்குது, ஒண்ணு மெதுவா கேக்குது. அதைத்தான் கண்டுபிடிக்கிறீங்களா?"

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணினியில் பாட்டை ஓட்டும் செயலியைத் துருவிப் பார்த்தோம். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவு ஏறி இறங்காமல் சமப்படுத்தும் ஏற்பாடு ஒன்று அதில் இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய குறிப்பு ஃபிளாக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. வேவ் கோப்பில் இல்லை. ஆகவே ஃபிளாக் பாட்டை மட்டும் செயலி சற்றுத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறது. ஒலி சிறிதளவு கூடினால், "சத்தம் கூடிவிட்டது" என்று மனம் சொல்வதில்லை. "தெளிவாக இருக்கிறது, இனிமையாக இருக்கிறது" என்றே சொல்லும். மனித இயல்பு அது.

அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு மறுபடியும் பத்து முறை கேட்டோம். எனக்கு நான்கு சரி. அவருக்கு ஆறு சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரியாகிவிடும் அல்லவா? வெறும் ஊகத்தில் பத்துக்கு ஒன்பதோ பத்தோ சரியாக வருவது 1,024க்கு 11 வாய்ப்புத்தான். அப்படி ஏதேனும் வந்திருந்தால் நாங்கள் யோசித்திருப்போம். நான்கும் ஆறும் ஊகத்துக்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஃபிளாக் கோப்பைத் திரும்ப வேவாக மாற்றி, முதல் வேவோடு ஒலி எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும்படி கணினியிடம் விட்டோம். ஓர் எண்கூட மாறவில்லை.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று எங்கள் காது பொய் சொல்லவில்லை. வேறுபாடு இருந்தது உண்மை. அதற்கு நாங்கள் சொன்ன காரணம்தான் பொய்.

ஆகவே, இழப்பில்லாத இரண்டு கோப்புகள் வெவ்வேறாக ஒலிப்பதாக உங்களுக்குத் தோன்றினால், கோப்பின் பெயரைக் குறை சொல்லுமுன் சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, ஒலியளவு. அதைத்தான் இப்போது பார்த்தோம்.

இரண்டாவது, பிறப்பிடம். பழைய பாட்டுகளைப் புதிதாக வெளியிடும்போது சத்தத்தைக் கூட்டியும் ஓசையைத் திருத்தியும் வெளியிடுவது உண்டு. ஒரு கோப்பு பழைய தட்டிலிருந்தும் மற்றொன்று புதிய வெளியீட்டிலிருந்தும் வந்திருந்தால், அவை ஒன்றுபோல் ஒலிக்கா. அதுபோலவே, எம்.பி.3யை எடுத்து ஃபிளாக்காக மாற்றிவிட்டால் இழந்தது திரும்பி வராது. தண்ணீர் கலந்த பாலைப் புது வாளியில் ஊற்றினால் தண்ணீர் போய்விடுமா?

மூன்றாவது, கணினியின் அமைப்பு. பாட்டு நொடிக்கு 44,100 எண்ணாக இருக்க, கணினி 48,000 என்று அமைக்கப்பட்டிருந்தால், அது எண்களை மாற்றித்தான் அனுப்பும். மந்த ஓசையைக் கூட்டும் அலங்கார ஏற்பாடுகளும் அப்படியே. ஆனால் இவை வேவ், ஃபிளாக் என்று பார்த்து வேலை செய்வதில்லை. அமைப்பு ஒன்றாக இருந்தால் மாற்றமும் இரண்டுக்கும் ஒன்றே.

இன்னொரு வாதமும் உண்டு. "ஃபிளாக்கைப் பிரிப்பதற்குக் கணினி கூடுதலாக உழைக்கிறது, அந்த உழைப்பின் மின் இரைச்சல் பாட்டில் கலந்துவிடுகிறது" என்பார்கள். கணினியின் மின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஃபிளாக்கைப் பிரிப்பது இன்றைய கணினிக்கு மிகச் சிறிய வேலை. பிரித்த எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்து வைத்துத்தான் வெளியே அனுப்புகிறது. இரைச்சல் இருக்கிறதா என்று அறிய வேண்டுமா? பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். இரைச்சல் கேட்டால் வயரையும் மின் இணைப்பையும் பாருங்கள். கோப்பை மாற்றிப் பயனில்லை. கணினி உண்மையிலேயே திணறினால், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். இனிமை குறைந்து கேட்பதில்லை.

சரி, எல்லாம் ஒன்றென்றால் எதைத்தான் வைத்துக்கொள்வது? நான் ஃபிளாக்கையே சொல்வேன். இடம் மிச்சம். பாட்டின் பெயர், பாடியவர் பெயர் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைக்கலாம். மேலும், மூல ஒலிக்குரிய சோதனை எண் ஒன்றை ஃபிளாக் வழக்கமாகத் தன்னோடு வைத்திருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் கோப்பு கெட்டுவிட்டதா என்று அதைக்கொண்டு பார்க்கலாம். சாதாரண வேவில் அந்த வசதி இல்லை.

என் மாணவர் டிஸ்க் வாங்கவில்லை. அன்று சுவர் மூலையில் ஒட்டி நின்ற ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் நகர்த்தி வைத்தோம். மூலையில் குமுறிக்கொண்டிருந்த மந்த ஓசை அடங்கி, குரல் தெளிந்தது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அதன்பிறகு அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதனுள் ஓர் ஒலிநாடா. தகப்பனார் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கோயில் திருவிழாவில் பதிவு செய்தது. உறவினர் ஒருவர், "இதை எம்.பி.3யாக மாற்றித் தருகிறேன், நாடாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருந்தாராம். நல்லவேளை, போடவில்லை. பழைய நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே போகும். இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஓடும்போதே முழுமையாக எழுதிவைக்க வேண்டும். இங்கேதான் நேயர்களே, இழப்பில்லாத முறையின் உண்மையான பயன் இருக்கிறது.

ஒலிநாடாப் பெட்டியைக் கணினியோடு இணைத்து, ஒரு மணி நேர நாடாவை ஃபிளாக்காக எழுதினோம். அப்படியே எழுதியிருந்தால் 635 மெகாபைட் பிடித்திருக்கும். நாடாவின் இரைச்சலை ஊகிப்பது கடினம் என்பதால் எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை. ஆனாலும் கணிசமாகக் குறைந்தது. ஒரு பிரதி கணினியில், இன்னொரு பிரதி தங்கை வீட்டில். உறவினருக்குக் கைப்பேசியில் அனுப்ப மட்டும் அதிலிருந்து ஓர் எம்.பி.3. நாடா திரும்பவும் பிஸ்கட் டின்னுக்குள்.

பதிவின் தொடக்கத்தில் பெரியவர் இருமுகிறார். "ம், சுருதி சேரட்டும்" என்கிறார். பிறகு பாட்டு எழும்புகிறது. தாத்தாவை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தச் சிறுமி, அந்த இருமலை மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டாள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு நாடா இருக்கலாம். இந்த விடுமுறையிலேயே தேடிப் பாருங்கள்.