அச்சம் அகன்ற உள்ளமே இன்பம்



இன்பம் எங்கே உள்ளது? இறந்தபின் துறக்கத்தில் உள்ளதென மதங்கள் பல விடை கூறுகின்றன. வாழுங்காலத்திலேயே, அச்சம் அகன்ற உள்ளத்தில் உள்ளதெனக் கூறினார் கிரேக்க மெய்யறிஞர் எபிக்கூரசு.

கி.மு. 341இல் சாமோசுத் தீவில் பிறந்த அவர், கி.மு. 306 அளவில் ஏதென்சு நகரில் ஒரு தோட்டத்தை வாங்கி, நண்பர்களோடு கூடி வாழ்ந்தார். பெண்டிரும் அடிமைகளும் அத்தோட்டத்தில் இடம்பெற்றனர். உலகம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது. இடியும் மின்னலும் இயற்கையின் செயல்களேயன்றி எக்கடவுளின் சினமும் அல்ல என அவர் விளக்கினார். கடவுளர் இலர் என்று அவர் கூறினாரில்லை. மாந்தர் வாழ்வில் அவர்கள் தலையிடார் என்றே கூறினார். தலையிடாதவர்க்குக் காணிக்கை எதற்கு? ஒறுக்காதவர்க்கு நடுக்கம் எதற்கு? நன்மையும் தீமையும் உணர்வுள்ளார்க்கே உரியன. சாவோ உணர்வின் முடிவு. எனவே, சாவுக்கு அஞ்சுதலும் பொருளற்றது என்பது அவர்தம் தெளிவு.

இன்பம் என்றாரே என்று, அவரை உண்டு களிக்கும் பேருண்டியர் எனப் பகைவர் பழித்தனர். அவரோ அப்பமும் நீருமே போதுமென வாழ்ந்தவர்.

"மதம் இல்லையேல் துன்பத்தில் ஆறுதல் ஏது? ஒழுக்கந்தான் ஏது?" என்று வினவுவார் உளர். கேட்கத் தக்க வினாவே! அதற்கு விடை எபிக்கூரசின் இறுதி நாளில் உள்ளது. கி.மு. 270இல், சிறுநீர்க்கல் நோயால் தாங்கொணா வலியுற்றுக் கிடந்தார் அவர். அந்நிலையிலும் நண்பர் ஒருவர்க்கு மடல் வரைந்தார். பண்டு நிகழ்ந்த உரையாடல்களின் நினைவே அவ்வலிக்கு எதிர்நின்று உள்ளத்தை மகிழ்விக்கிறது என்றார். தமக்கு முன்னரே மறைந்த தோழர் மெத்திரோதோரசின் மக்களைப் பேணுமாறு வேண்டினார். துறக்கத்தின்மேல் ஆசையில்லை, அளற்றின்மேல் அச்சமில்லை, ஆயினும், பிறர் பிள்ளைகள்மேல் அன்பு இருந்தது!

இதில் பகுத்தறிவாளர்க்கும் ஒரு பாடம் உண்டு. மகவை இழந்து கதறும் தாயிடம் சென்று, கடவுள் இல்லை என்று உரைத்தல் எளிது. அவள் கண்ணீரைத் துடைத்தல் அரிது. பொய்யான ஆறுதலைப் பறிப்பவர், மெய்யான துணையை அவ்விடத்தே வைத்தல் வேண்டும். எபிக்கூரசு அறிவை மட்டும் தந்தாரல்லர். கூடி வாழத் தோட்டத்தையும் தந்தார்.

ஐயம் அறிவின் வாயில். அன்பே அதன் முற்றம். வாயிலிலேயே நின்றுவிடாமல் உள்ளே செல்வோமாக!