மாசின்மை, பழுதின்மை, முழுமை
(விருத்தாசலத்தில் நிகழ்த்திய விழா உரை)



சூடாமணி நிகண்டினை 12 தொகுதிகளாக இயற்றியவர் நம் சமயச் சான்றோராகிய மண்டல புருடர். ஒரு பொருளுக்குப் பல பெயர்களை நிகண்டு தொகுத்துத் தரும். ஆயினும் அப்பெயர்களுக்குள் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. மாசின்மை, பழுதின்மை, முழுமை ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். அவற்றின் வேறுபாட்டை இவ்வூர்ப் பீங்கான் தொழிற்கூடங்களிலேயே கற்கலாம்.

கோப்பையின்மேல் படிந்த தூசு மாசு, துடைத்தால் நீங்கும். விரிசல் பழுது, துடைத்தால் நீங்காது. விரலால் சுண்டினால் நல்ல கோப்பை கணீரென ஒலிக்கும்; விரிசலுற்றது மழுங்கி ஒலிக்கும். ஆனால், குடத்தளவு நீர் கொள்ளவில்லை என்பதற்காகச் சிறு கோப்பையைப் பழுதுடையது என்று எவரும் ஒதுக்குவதில்லை.

நம் அறநூல்களும் இவ்வாறே பகுத்துரைக்கின்றன. விரதத்தில் நேரும் சிறு வழு அதிசாரம். விரதத்தையே குலைத்துவிடுதல் அனாசாரம். முன்னது மாசு போன்றது. பின்னது விரிசல் போன்றது. மகாவிரதம் துறவோர்க்கு உரியது; அளவுபட்ட அணுவிரதம் இல்லறத்தார்க்கு உரியது. வாழ்நாள் முழுதும் காப்பது யமம். காலவரையறையுடன் காப்பது நியமம். கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா இன்பம், கடையிலா ஆற்றல் என்னும் முழுமையோ வினை வென்ற அருகனுக்கே உரியது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். வெளியூரில் பணிபுரியும் இளைஞன் ஒருவன், "ஐயா, பணி முடியவே இரவாகிவிடுகிறது. நாள்தோறும் பொழுது சாயுமுன் உண்ண இயலவில்லை. என் செய்வேன்?" என்று வினவினான். "விரதம் என்றால் முழுமையாக இருத்தல் வேண்டும்" என்றேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, இரவுணவு விலக்குதலை அவன் அறவே கைவிட்டிருந்தான். தமிழ் கற்பித்த நான், 'பழுதின்றி' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'முழுமையாக' என்று சொல்லிவிட்டேன்.

இன்று வினவினால் அவனிடம் இவ்வாறு கூறுவேன்: "தம்பி, அட்டமியும் சதுர்த்தசியும் மாதத்தில் நான்கு நாள்களே. அந்நாள்களில் மட்டும் காப்பதாக நியமம் கொள். கொண்டதைப் பழுதின்றிக் காப்பாயாக. இடையே தவறினால், வருந்தி மீண்டும் தொடங்கு."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் சிறு விரதம் ஏற்றால், "இவ்வளவுதானா?" என்று கேளாதீர்கள். கேட்ட நான் ஒரு விரதத்தை இழக்கச் செய்தேன்.