அண்ணன் சொன்ன குற்றம்



சித்தூர்ப் பக்கம் வாய்த்தகராறு முற்றினால், "காணிப்பாக்கத்துக்கு வா, சத்தியம் பண்ணு" என்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று பொய் சொல்ல ஆட்கள் பயப்படுவார்கள்.

அங்கே ஓடும் பாகுதா நதிக்கும் ஒரு கதை உண்டு. பசி தாங்காமல் தம்பி லிகிதன் ஒரு மாம்பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டான். "கேட்காமல் எடுத்தது திருட்டு. ராஜாவிடம் போய்ச் சொல்" என்றான் அண்ணன் சங்கன். தம்பி போய்ச் சொன்னான். கைகள் வெட்டப்பட்டன. இந்த ஆற்றில் முழுகியபோது அவை திரும்ப முளைத்தன.

மகாபாரதத்தில் இது சாந்தி பருவத்தில் வருகிறது. போரில் ஜெயித்தும் உறவினரைக் கொன்ற துக்கம் தாளாமல் தவிக்கும் தருமனுக்கு, தண்டிப்பது அரசன் கடமை என்று உணர்த்த வியாசர் சொல்வது. எனக்கோ அந்த அண்ணன்தான் பெரிதாகத் தெரிகிறான். சொந்தத் தம்பியின் குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அந்த அண்ணனைப் போலத் தம் பக்கத்துக் குற்றத்தைச் சொன்ன எழுத்தாளர்களும் உண்டு. இஸ்ரேல் பிறந்த மறுவருஷமே, 1949-இல், அந்த நாடு பிறந்தபோது நடந்த போரில் அதன் படையில் பணியாற்றிய எஸ். யிஸ்ஹார், தன் படையினர் ஓர் அரபுக் கிராமத்தையே காலி செய்து மக்களை லாரியில் ஏற்றியதை நாவலாக எழுதினார். பாலஸ்தீனரான கஸ்ஸான் கனஃபானி 1969-இல் எழுதிய ஹைஃபா நாவலில், தன்னை விட்டுவந்த தகப்பனைப் பார்த்து, இருபது வருஷம் அழுததைத் தவிர என்ன செய்தீர்கள் என்று பிள்ளையே கேட்கிறான். விரட்டியவனும் விரட்டப்பட்டவனும் ஒன்றல்ல. ஆனாலும் இருவரும் தம் பக்கத்தைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்படிச் செய்தவர் மருத்துவ ஆசிரியர் ராஜினி திரணகம. ஒரு காலத்தில் காயம்பட்ட விடுதலைப் புலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு நண்பர்களோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில் இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், புலிகள் என எவர் செய்த கொடுமையையும் மறைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்திய அமைதிப்படை 1987 அக்டோபர் 21 அன்று, தீபாவளி நேரத்தில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. டாக்டர்கள், நர்சுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அங்கே ஊழியர்கள் வருஷா வருஷம் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்து, இறந்தவர்களின் பெயர்களையாவது பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். அது நம் ராணுவம்.