நிலத்தில் பிறக்கும் இரும்புப் படகு

பாப்பாரப்பட்டிக்குக் கடல் இல்லை. தருமபுரி மாவட்டத்திலுள்ள அவ்வூரிலிருந்து எத்திசையில் சென்றாலும் கடற்கரையை அடைய நெடுந்தொலைவு பயணம் செய்யவேண்டும். ஆயினும், கப்பலை நினையாமல் அவ்வூரை நினைக்க இயலாது. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் வ. உ. சிதம்பரனார். அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவா. 1908இல் இருவரும் சிறைப்பட்டனர். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி மீண்ட சிவா, பிற்காலத்தில் பாப்பாரப்பட்டியைத் தம் ஊராகக் கொண்டார்; 1925 ஜூலை 23ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அந்த நிறுவனத்தின் 'காலியோ', 'லாவோ' என்னும் கப்பல்கள் அயல்நாட்டில் விலைக்கு வாங்கப்பட்டவை. நிறுவனம் நொடித்தபின் அவை விலைக்கே போயின.

மாணவ நண்பர்களே! கடல் காணாத ஊரில் வாழ்பவர் கலம் கட்ட இயலுமா? இயலும் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன்.

பிரான்சு நாட்டில் பெர்னார் முவாத்தெசியே என்றொரு கடலோடி இருந்தார். மரப்படகுகள் இரண்டைக் கரையில் மோதி இழந்தவர் அவர். அவர் எழுதிய நூலைப் படித்த ழான் ஃப்ரிக்கோ என்பவர், "உமக்கு எஃகுப் படகு ஒன்று கட்டித் தருகிறேன்" என முன்வந்தார். ஃப்ரிக்கோவின் பட்டறை கடற்கரையில் இல்லை. ஷொஃபாய் என்னும் உள்நாட்டு ஊரில் இருந்தது. அவர் இரும்புத் தகட்டு வேலையில் தேர்ந்தவர். அங்கேதான் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமுள்ள 'ஜோஷுவா' என்னும் பாய்மரப் படகு உருவாகி, 1962இல் நீரில் இறங்கியது.

இரும்பு எவ்வாறு மிதக்கிறது? கிணற்றில் விழுந்த மண்வெட்டி மூழ்கிவிடுகிறது. அதே இரும்பால் செய்த வாணலி மிதக்கிறது. வாணலியின் குழிவு தன் எடைக்கு நிகரான நீரை விலக்குவதே காரணம். 13 டன் எடையுள்ள படகு 13 டன் நீரை விலக்குமாயின் மிதக்கும். எனவே தகடு கனமாக இருப்பதனால் கேடில்லை. அதில் ஓட்டை விழுந்தால்தான் கேடு.

இனி, கட்டும் முறையைக் காண்போம். முதலில் ஏரா எனப்படும் அடித்தண்டை நிறுத்துவர். அதன்மேல் வங்கு எனப்படும் விலாச் சட்டங்களை வரிசையாகப் பொருத்துவர். பின்னர், 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடுகளை வளைத்து வைத்துப் பற்றவைப்பர். இங்கேதான் தொழிலாளியின் அறிவு சோதிக்கப்படுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்திற்குக் கொல்லர் இரும்புப் பட்டை ஏற்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். காய்ச்சிய பட்டை குளிர்ந்ததும் சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றுகிறது. அங்கே நண்பனாகும் அச்சுருக்கம் படகிலே பகையாகிறது. ஒரே மூச்சில் நெடுகப் பற்றவைத்தால், குளிரும் இணைப்பு தகட்டை இழுத்துக் கோணலாக்கிவிடும். ஆகையால் இப்பக்கம் ஒரு சாண், அப்பக்கம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றிப் பொறுமையாகப் பற்றவைப்பர்.

கட்டிய அன்றே துரு தன் வேலையைத் தொடங்குகிறது. உப்புநீரில் எஃகும் வெண்கலமும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு நின்றால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற வினை நிகழ்ந்து எஃகு கரைகிறது. இதற்கு மருந்து துத்தநாகம். துத்தநாகக் கட்டிகளைப் படகின் உடலில் பொருத்திவிட்டால், எஃகுக்கு முன் அவையே கரைந்து அதனைக் காக்கின்றன. ஓர் உலோகத்தைக் கொடுத்து மற்றோர் உலோகத்தைக் காக்கும் இம்முறையை 1824இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் போர்க்கப்பல்களின் செப்புறைக்காக வகுத்தார். இக்கட்டிகளின்மேல் வண்ணம் பூசினால் அவற்றின் பயன் கெட்டுவிடும்.

வெளிப்புறத் துருவினும் கொடியது உட்புறத் துரு. பலகைகளுக்குப் பின்னும் அடித்தளத்தின் மூலைகளிலும் ஈரம் தேங்கித் தகட்டை அரிக்கிறது. கண்ணுக்கோ மேற்பூச்சு பளபளப்பாகவே தெரிகிறது. ஆதலால் படகைக் கரையேற்றிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். நைந்த தகட்டின் ஓசை மழுங்கியிருக்கும். கேளா ஒலிக் கருவியால் தகட்டின் தடிப்பை அளப்பதும் உண்டு. நைந்த பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள தகட்டை இட்டுப் பற்றவைக்க வேண்டும். வெட்டும் இடத்தின் மூலைகளை வளைவாக அமைப்பர். கூரிய மூலையிலிருந்து வெடிப்பு தோன்றும் என்பதே காரணம். உட்புறத்தில் மரமோ எண்ணெயோ இருப்பின் அதனை முன்பே அகற்றாவிட்டால் தீப்பற்றும். பழுதின்மேல் மெழுகுபோல் எதையேனும் அப்பி வண்ணம் தீட்டுபவன் படகை ஏமாற்றவில்லை. அதில் ஏறுபவனை ஏமாற்றுகிறான்.

இவ்வுழைப்பின் பயன் யாது? 1968-69இல் முவாத்தெசியே தன்னந்தனியராக, எத்துறைமுகத்திலும் தங்காமல், ஏறக்குறையப் பத்து மாதம் 'ஜோஷுவா'வில் கடலில் உலவினார். 1982 டிசம்பரில் மெக்சிகோ நாட்டுக் கரையில் புயல் அப்படகை மணலில் எறிந்தது. பாய்மரங்கள் வீழ்ந்தன, எஃகுடல் நசுங்கியதே தவிரப் பிளக்கவில்லை. இளைஞர் சிலர் மணலை அள்ளி, படகை மீட்டுச் செப்பனிட்டனர். 1990இல் பிரான்சிலுள்ள லா ரொஷேல் அருங்காட்சியகம் அதனை ஏற்றது. நம் நாட்டிலும், கோவாவில் கட்டப்பட்ட எஃகுப் பாய்மரக் கப்பலான 'தரங்கிணி' 1997இல் கடற்படையில் சேர்ந்து, 2003-04இல் உலகை வலம் வந்தது.

கலத்தை வாங்குவதற்குப் பொருள் போதும். கட்டுவதற்குக் கைத்திறன் வேண்டும். காப்பதற்கோ நாள்தோறும் விழிப்பு வேண்டும். சுதேசியம் என்னும் சொல்லுக்கு இம்மூன்றும் உரியவை. மாலையில் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இக்கலையின் முதற்பாடம் முன்பே தெரியும். எஞ்சிய பாடங்களைக் கற்க அவன் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை.