ஐயனார் கோயில் காட்டிலிருந்து ஒரு கூடை விதை

(வானொலி உரை)

மரம் வளர்ப்பைப் பற்றி வானொலியில் பலர் பேசிக் கேட்டிருப்பீர்கள். வேம்பு வையுங்கள், புங்கம் வையுங்கள், வரப்பிலே தேக்கு வையுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். நான் இன்றைக்குப் பேச வந்தது காட்டைப் பற்றி. தோப்பு வேறு, காடு வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

விழுப்புரம், கடலூர், செங்கல்பட்டு, புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் ஐயனார் கோயிலை ஒட்டி ஒரு சிறு காடு இருக்கும். சில ஊரில் ஐந்தாறு ஏக்கர், சில ஊரில் அரை ஏக்கர் தேறாது. முன்னால் மண்குதிரை நிற்கும். உள்ளே போனால் உச்சி வேளையிலும் இருட்டு. "அங்க ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது, சாமி குத்தம் ஆயிடும்" என்று பாட்டி சொல்லி வளர்த்திருப்பாள். மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரி போகும் கடற்கரைச் சாலையில், புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

அங்கே என்ன மரம் நிற்கிறது? வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, இரும்புளி, நாவல், மகிழம், குருந்து, காயா, சுளுந்து. பாலை என்றால் பலருக்கு வெட்பாலை ஞாபகத்துக்கு வரும். இது வேறு. மஞ்சளாய்ச் சின்னப் பழம் பழுக்குமே, பிள்ளைகள் பொறுக்கித் தின்னுமே, அந்தப் பாலை. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயாவும் இங்கேதான் இருக்கிறது. நம் பக்கம் காசா என்பார்கள். சுளுந்தைப் பச்சையாய் ஒடித்துக் கொளுத்தினாலும் எரியும். அந்தக் காலத்தில் இரவில் வழி நடக்க அதுதான் பந்தம்.

இந்த மரங்களில் முக்கால்வாசிக்கு இலை சின்னது, தடிப்பானது, தோல் மாதிரி இருக்கும். சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மற்ற மாதமெல்லாம் காய்ச்சலாய்க் காய்கிற நம் கடற்கரைச் சீமைக்கென்றே உண்டான காடு இது. ஆராய்ச்சி செய்பவர்கள் 'உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரமாய்ப் பட்டை போல் கிடந்த காடு. விறகுக்கும் உழவுக்கும் போனது போக, இப்போது மிஞ்சியிருப்பது இந்தக் கோயில் காடுகளில் துண்டு துண்டாய்க் கிடப்பதுதான்.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. சாமிக்குப் பயந்து குச்சி ஒடிக்காத ஊர், அதே சாமிக்கு மண்டபம் கட்டுகிறேன் என்று பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வண்டி நிறுத்த இடம், சிமெண்டுத் தளம், சமையல் கொட்டகை என்று ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் காடு ஓர் ஓரம் குறைகிறது. போகிற மரத்தோடு அதன் விதையும் போகிறது. வீரைக் கன்றோ இரும்புளிக் கன்றோ சாலையோர நர்சரியில் கேட்டுப் பாருங்கள், கிடைப்பது அபூர்வம். அந்த விதைக்கு உங்கள் ஊர்க் காடுதான் பண்டாரம்.

அழிந்த காடு திரும்ப வருமா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. 1968ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் கட்டாந்தரை. மழை பெய்தால் மண் கரைந்து ஓடைவழியாகக் கடலுக்குப் போகும். வந்தவர்கள் முதலில் வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். வெயிலுக்கு நிழல் வேண்டுமென்று ஆஸ்திரேலிய வேல் போன்ற, சட்டென்று வளரும் வெளிநாட்டு மரங்களை வைத்தார்கள். பிறகு பக்கத்துக் கோயில் காடுகளில் விதை பொறுக்கி, அந்த நிழலிலேயே நம் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் அடித்தபோது, அவசரமாய் வளர்ந்த மரங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. நிதானமாய் வளர்ந்த நாட்டு மரங்கள் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன.

1981 வாக்கில் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஏரிக்குள் கருவேலம் வைத்து, பருவம் வந்ததும் ஏலம் விட்டார்கள். ஊருக்கு விறகு கிடைத்தது, பணமும் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வெட்டுவதற்காக வைத்த மரம். இப்போது நான் சொல்வது வெட்டாமல் விடப்போகிற மரம். இரண்டுக்கும் கணக்கு வேறு.

சரி, செய்வது எப்படி? பலவற்றின் பழம் வைகாசியிலிருந்து ஆடிக்குள் கிடைக்கும். முதலில் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். சொல்லாமல் காட்டுக்குள் நுழைந்தால் நல்ல காரியமும் கெட்டுப்போகும். ஒரே மரத்தடியில் கூடை நிறையப் பொறுக்காதீர்கள். பத்து மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாய் எடுங்கள். மிச்சம் கொண்டைக்குருவிக்கும் மரநாய்க்கும் இருக்கட்டும், அவையும் நம்மோடு விதைக்கிறவை. சதைப்பற்றுள்ள பழத்தைக் கசக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். நாவல் விதையைச் சோள விதைபோல் அடுத்த வருஷத்துக்குப் பானையில் கட்டி வைக்க முடியாது, முளைப்பு போய்விடும். வேம்பும் அப்படித்தான். கொன்றை மாதிரி ஓடு கெட்டியானதை மட்டும் வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைக்கலாம்.

பைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. அவசரப்படக் கூடாது. வீரையும் கருங்காலியும் மெத்தனமாகத்தான் வளரும். ஒரு வருஷம் பையிலேயே இருந்து அடுத்த ஐப்பசியில் நடவுக்குப் போகட்டும். இடையில் பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தால் வேர் தரைக்குள் இறங்காது. மகளிர் குழுவினர் நாற்றங்காலை எடுத்துக்கொண்ட ஊர்களில் கன்றுகள் நன்றாக இருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தினம் தண்ணீர் ஊற்றுகிற கை அவர்களுடையது.

குழியை ஆவணியிலேயே ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் எடுத்து ஆறப் போடுங்கள். சரிவான இடமென்றால் பள்ளத்துப் பக்கம் பிறை போல ஒரு வரப்பு. முதல் நல்ல மழை மண்ணுக்குள் இறங்கியதும் நடலாம். நடுவதற்கு முன் இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காரையையும் களாவையும் சூரையையும் வெட்டிவிடாதீர்கள். அந்த முள்புதர் ஓரத்திலேயே கன்றை வையுங்கள். ஆட்டின் வாய் எளிதில் எட்டாது, வெயிலும் குறையும். சீமைக்கருவேலை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் அடுத்த மழைக்குத் தூர் தூராய்த் துளிர்க்கும்.

இதெல்லாம் கைவேலை. கைவேலையில் தவறினால் அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம். கஷ்டமான வேலை வேறே இருக்கிறது. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

ஓர் ஊரில் ஐயனார் கோயிலை அடுத்த மேட்டுப் புறம்போக்கில் நாங்கள் கன்று வைத்தோம். ஊரே திரண்டு வந்தது. பள்ளிப் பிள்ளைகள், மேளம், பொங்கல், எல்லாம் அமர்க்களம். முதல் தப்பு, மார்கழிக் கடைசியில் நட்டது. தை பிறந்ததும் மழை நின்றுவிட்டது. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரிது. மாசியில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் குச்சிதான் நிற்கிறது. ஆடு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டியம்மாவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது:

"ஏன் சாமி, செடி வைக்கிற அன்னிக்கு மேளக்காரனைக் கூப்பிட்டீங்க, என்னைக் கூப்பிட்டீங்களா? முப்பது வருசமா நான் இங்கதான் மேய்க்கிறேன். இந்த இருபது உருப்படியை நான் எங்க ஓட்டிக்கிட்டுப் போவேன்?"

எனக்குப் பதில் இல்லை. நிலம் வைத்திருப்பவர்களை வைத்துக் கூட்டம் போட்டிருந்தேன். நிலம் இல்லாதவர்களின் மேய்ச்சலை அடைத்துவிட்டு, அவர்கள் மேலேயே பழி போட்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஆடு வைத்திருக்கும் வீடுகளை முதலில் உட்கார வைத்துப் பேசினோம். மூன்று ராத்திரி ஆயிற்று. கடைசியில் மேட்டை மூன்று பங்காக்கினோம். ஒரு பங்குக்குத்தான் அடைப்பு, மற்ற இரண்டும் மேய்ச்சலுக்கு. கன்று ஆட்டுக்கு எட்டாத உயரம் வந்த பிறகே அடுத்த பங்கு. அடைத்த பங்கிலும் புல்லை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோகலாம், ஆட்டை மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது. வேலி ஓரம் அகத்தியும் கொடுக்காப்புளியும் தழைக்காக வைத்தோம். புல் அறுத்துப் போனதில் இன்னொரு லாபம், கோடையில் தீ பிடிக்க அங்கே சருகு குறைந்தது. திருவண்ணாமலை மலையில் மரம் வளர்த்தவர்களுக்கு வருஷா வருஷம் பெரிய தலைவலி தீதான். மழை முடிந்ததும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டுத்தான் அங்கே கன்றுகளைக் காப்பாற்றினார்கள்.

அந்தப் பாட்டியம்மாவுக்கே ஊர்ப் பொதுப்பணத்தில் மாசம் ஒரு தொகை கொடுத்துக் காவலுக்கு வைத்தோம். அதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள், ஆடு மேய்க்கிறவளிடமா கன்றை ஒப்படைப்பது என்று. ஒரு பையன் ராத்திரியில் அடைப்பைப் பிரித்து ஆட்டை விட்டபோது, விடியுமுன் அவன் வீட்டு வாசலில் போய் நின்றது அந்தம்மாதான். அவன் அவருடைய சொந்த அக்காள் பேரன்.

நடப்போகும் இடம் யாருடையது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோயில் நிலமென்றால் அறநிலையத்துறை, காப்புக்காடென்றால் வனத்துறை, புறம்போக்கென்றால் ஊராட்சியும் வட்டாட்சியரும். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் ஆடி விதைக்குச் சரியாயிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு ஆடு வைத்திருப்பவர்கள் வந்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வரவில்லையென்றால் யாராவது ஓர் ஆள் போய் அழைத்து வரட்டும்.