கபிலனைத் தெரியும், கித்தேரி முத்துவை?



2021இல் வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றி ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தது. தியேட்டருக்குக்கூட வரவில்லை, நேரே வீட்டுக்குள் வந்தது. அதில் வரும் கபிலன், ரங்கன் வாத்தியார், டான்சிங் ரோஸ் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். படத்தை எடுத்த பா. ரஞ்சித்துக்கு வடசென்னை நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் கேட்கிறேன், கபிலனைத் தெரிந்த பிள்ளைக்கு நிஜத்தில் சண்டை போட்ட கித்தேரி முத்துவைத் தெரியுமா?

வெள்ளைக்காரன் காலம். ஆங்கிலோ இந்தியக் குத்துச்சண்டை வீரர் டெர்ரி நம் ஆட்களை வரிசையாகச் சாய்க்கிறார். அவரோடு மோதிய நம் வீரர் அருணாசலத்துக்கு உயிரே போயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அதே டெர்ரிக்கு எதிரே போய் நின்றார் கித்தேரி முத்து. நின்றது மட்டுமா, ஜெயித்தார்! கூட ஆடியவன் செத்துப்போன பிறகு கிளவுஸ் மாட்டுவதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! பெரியாரே ‘திராவிட வீரன்’ என்று பாராட்டினார் என்பது நம் பெருமை. ஆனால் எந்த நாள், எத்தனையாவது ரவுண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறோம். சண்டை மட்டும் வராமல் இருந்தால் சரி!

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஓர் ஊர். சினிமா ஆளைக் கொண்டாடி, நிஜ ஆளை மறக்கும் இதே கூத்துதான் அங்கும். அந்த ஊர்க் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர், 1971இல் முகமது அலிக்கு முதல் தோல்வியைக் கொடுத்தவர். கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தபோது தொங்குகிற இறைச்சியைக் குத்திப் பழகியவர். அதே மாதிரி ‘ராக்கி’ படத்தில் நாயகன் குத்தினான். கற்பனை ஆளான அவனுக்கு 1980களிலேயே வெண்கலச் சிலை வந்துவிட்டது. நிஜ ஃப்ரேசியருக்கு? 2011இல் அவர் கண்ணை மூடி, நாலு வருஷம் கழித்து, 2015இல்தான் சிலை.

அந்த அலி 1980இல் நம் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே வந்து இன்னொரு குத்துச்சண்டை வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அதை இன்றும் பேசுகிறோம். நம்ம சென்னைக் குத்துச்சண்டை வீரர் தேவராஜன் 1994இல் பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார், அர்ஜுனா விருதும் வாங்கினார். அவர் பெயராவது அரசாங்க ஏட்டில் இருக்கிறது. பகலில் ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு, ராத்திரி தங்கள் குத்துச்சண்டைப் பரம்பரையின் மானத்துக்காக மூக்குடைந்தவர்களுக்கு எந்த ஏடு?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சண்டை நோட்டீஸ் இருக்கும், போட்டோ இருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தாவை உட்காரவைத்து, செல்போனில் அவர் பேச்சைப் பதிவு பண்ணுங்கள். ஜெயித்ததை அவரே சொல்வார், தோற்றதையும் கேளுங்கள். சார்பட்டா பரம்பரையா, இடியாப்ப நாயக்கர் பரம்பரையா என்று பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் நம் படிப்பகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு வயதாகிறது, தாமதம் வேண்டாம்.