கேபிளா, டிஷ்ஷா? நம் வீட்டுக் கணக்கை நாமே போடுவோம்

(மும்பையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

சென்ற கூட்டத்தில் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் தொலைக்காட்சிக் கட்டணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் சில தோழர்கள் சிரித்தார்கள். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். தாய்மார்கள் யாரும் சிரிக்கவில்லை. மாதம் பிறந்தால் கேபிள்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுக் காசை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தானே!

அந்தத் தாய்மார்கள்தான் இந்தக் கேள்வியைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். "பக்கத்துச் சாலில் கேபிளை எடுத்துவிட்டு டிஷ் போட்டுக்கொண்டார்கள். மாதம் நூறு ரூபாய் மிச்சம் என்கிறார்கள். நாமும் போடலாமா?" என்பது கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் நாம் பதில் சொல்லிவிட முடியவில்லை. விசாரித்துப் பார்த்தபோது, இதில் நூறு ரூபாய்க் கணக்கோடு வேறொரு கணக்கும் சேர்ந்திருப்பது தெரிந்தது. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறோம்.

தோழர்களே, கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம். பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. சென்னையில் ஒளிபரப்பியது பம்பாய்க்கு வராது. 1982 ஆகஸ்ட் 15 முதல் தில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி என்று ஒன்று வந்தது. அதில் நம் மொழிக்கு இடம் எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமை மதியம் பிற மொழிப் படங்கள் போட்ட காலத்தில், தமிழின் முறை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தோம். வந்த அன்றைக்கு ஒரு கோலிக்குள் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

1991க்குப் பிறகு கேபிள் பரவியது. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. எந்த அரசும் செய்யாத ஒன்றைத் தெருமுனைக் கேபிள்காரர் செய்தார். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, கூரையிலிருந்து கூரைக்குக் கம்பி இழுத்து, நம் கோலிக்குள் தமிழைக் கொண்டுவந்து சேர்த்தார். இந்த நன்றியை நாம் மறந்துவிடக் கூடாது.

அதன் பிறகு காலம் மாறியது. 2003இல் வீட்டுக்கு நேராக வானிலிருந்து ஒளிபரப்பும் தனியார் டிஷ் சேவை இந்தியாவில் தொடங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிஷ் வந்தது. 2012 நவம்பர் முதல் மும்பையில் பெட்டி இல்லாமல் கேபிள் இல்லை என்று ஆயிற்று. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. நம் கணக்குக்கு அடிப்படை இந்தக் கடைசி மாற்றம்தான். ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அந்த விதி என்ன சொல்கிறது? நாம் கட்டும் தொகையில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதி, இணைப்பு வைத்திருப்பதற்கான அடிப்படைக் கட்டணம். 2019இல் இதற்கு உச்சவரம்பு 130 ரூபாய் என்று இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. இரண்டாவது பகுதி, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது பகுதி, மொத்தத்தின் மேல் 18 விழுக்காடு வரி. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அடிப்படைக் கட்டணத்தை இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை அறிவிக்க வேண்டும், வேண்டிய சேனலைத் தனியாகக் கேட்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என்பது இன்றும் மாறவில்லை. இந்த உரிமை கேபிளுக்கும் உண்டு, டிஷ்ஷுக்கும் உண்டு.

இப்போது நம் வீடுகளில் நடப்பது என்ன? சில சால்களில் வீடு வீடாகச் சென்று, "ரசீது இருக்கிறதா? எந்தெந்தச் சேனலுக்குக் காசு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டோம். பெரும்பாலான வீடுகளில் ரசீது இல்லை. இருந்த வீடுகளிலும் மொத்தத் தொகை மட்டும்தான் எழுதியிருந்தது. ஒரு வீட்டில் பெட்டியின் பட்டியலைத் தோழர் ஒருவர் ஓட்டிப் பார்த்தார். இந்தித் தொடர்கள், இந்திப் படங்கள், ஆங்கிலச் சேனல்கள், ஒரே சேனல் சாதா வடிவில் ஒன்று, எச்.டி. வடிவில் இன்னொன்று. அந்த வீட்டு ஆத்தா பார்ப்பது நான்கோ ஐந்தோ தமிழ்ச் சேனல். அந்தத் தமிழ், பட்டியலின் கடைசியில், தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஒட்டவைத்த தொகுப்பாக இருந்தது.

தோழர்களே, நாம் சொன்ன இரண்டாவது கணக்கு இதுதான். இந்த நகரத்தில் அடிப்படைத் தொகுப்பு என்றால் அது இந்தியும் மராத்தியும். தமிழ் என்றால் அது "எக்ஸ்ட்ரா". தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பெட்டியும் டிஷ்ஷும் வாங்கி மாட்டினால் மாதக் கட்டணம் கிடையாது. ஏழைகளுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஏலம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திச் சேனல்காரர்கள். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல் அதில் வருகிறது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று பெயர் பெற்றிருந்து, இப்போது டிடி தமிழ் என்று அழைக்கப்படுவது அது. அதைத் தாண்டி, நம் வீடுகளில் அன்றாடம் பார்க்கும் தமிழ்ச் சேனல்களை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆக, இந்தியைக் காசில்லாமல் பார்க்கலாம், தமிழைப் பார்க்கக் காசு வேண்டும் என்பதே இந்த நகரத்து நிலைமை.

நமக்கு இந்தி பேசும் மக்கள் மீதோ மராத்தி மக்கள் மீதோ காழ்ப்பு கிடையாது. ஒரே பட்டறையில் அவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்கிறோம். நாம் கேட்பது ஒன்றுதான். நாம் பார்க்காததற்கு நம்மிடம் ஏன் காசு வாங்க வேண்டும்? நாம் பேசும் மொழியை ஏன் மிச்சசொச்சம் போல விற்க வேண்டும்?

இனி ரூபாய்க் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு ஐந்து கட்டணத் தமிழ்ச் சேனல் வேண்டும், ஒவ்வொன்றும் 19 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அது 95 ரூபாய். அடிப்படைக் கட்டணத்துக்குப் பழைய 130 ரூபாயைப் போடுவோம். மொத்தம் 225. வரி 40 ரூபாய் 50 காசு. கூட்டினால் 265 ரூபாய் 50 காசு. இன்று உங்கள் நிறுவனம் கேட்கும் தொகைகளை அந்தந்த இடத்தில் வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவற்றுக்குத் தனி விலையே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிக் கூட்டி வரும் தொகைக்கும் நீங்கள் இப்போது கட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி, கேட்காமல் கொடுத்த காசு. அதை மிச்சப்படுத்தக் கேபிளை அறுக்க வேண்டியதில்லை. "எனக்கு இந்த ஐந்து மட்டும் போதும்" என்று சொன்னாலே போதும்.

அப்படியானால் டிஷ் எதற்கு? அதற்கும் ஒரு நியாயம் உண்டு. கேபிள்காரர் தன் வட்டாரத்தில் எது விற்குமோ அதைத்தான் கொண்டுவருவார். நீங்கள் கேட்கும் தமிழ்ச் சேனல் அவர் கம்பியில் வராவிட்டால் அவரால் தர முடியாது. டிஷ் நிறுவனத்தின் ஒளிபரப்பு வானிலிருந்து நாடு முழுவதற்கும் இறங்குகிறது. திருநெல்வேலியில் வாங்கும் தமிழ்த் தொகுப்பை மும்பையிலும் கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்க வேண்டும். "மும்பையா? அப்படியானால் இந்தித் தொகுப்பு" என்று போட்டுவிடுவார்கள். எங்களில் ஒருவர் வீட்டிலேயே அப்படிப் போட்டுவிட்டுப் போய், இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

டிஷ் போடுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வானம். டிஷ் நிறுவனங்களின் துணைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. மும்பையிலிருந்து பார்த்தால் அவை தென்கிழக்குத் திசையில் இருக்கும். அந்தத் திசையில் உயர்ந்த கட்டடம் மறைத்தால் டிஷ் வேலை செய்யாது. சாலுக்குப் பக்கத்தில் கோபுரம் போலக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால், இன்று தெரியும் வானம் அடுத்த வருடம் தெரியாமல் போகலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் வைக்கச் சொசைட்டியின் அனுமதியை முதலில் வாங்குங்கள்.

இரண்டாவது, வாடகை. நம்மில் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். டிஷ்ஷும் பெட்டியும் மாட்டுக்கூலியுமாக 1,500 ரூபாய் ஆகிறது, மாதம் 80 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட காசு திரும்ப 19 மாதம் வேண்டும். பதினொரு மாதத்தில் வீடு மாறினால் கழற்றி மாட்ட மறுபடி கூலி. மிச்சம் எங்கே? ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்துக்கு உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கோலி உள்ளவருக்கு லாபமாக இருப்பது வாடகைக் கோலிக்காரருக்கு நட்டமாக முடியலாம்.

மூன்றாவது, மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் கொட்டும் மழையில் படம் உறைந்து நிற்கும், அறவே போகும். பழுதல்ல, மழைத்துளிகள் அலையைத் தடுப்பதால் வருவது. மழை விட்டதும் சரியாகும். இதற்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

நான்காவது, முன்பணம். டிஷ்ஷுக்குக் காசை முதலில் கட்ட வேண்டும். தீர்ந்த அன்றைக்கே படம் நின்றுவிடும். வேலை இல்லாத வாரத்தில் "அடுத்த வாரம் தருகிறேன்" என்றால் கேபிள்காரர் கேட்பார், துணைக்கோள் கேட்காது. ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். தினக்கூலிக் குடும்பங்கள் கடன் வாங்கி அந்தச் சலுகையைப் பிடிக்க வேண்டாம். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள், மாதக் கணக்கில் சேவையை நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். அப்படிக் கேட்க விதியில் இடம் உண்டு. பூட்டிய வீட்டுக்குக் கட்டணம் கட்டுவானேன்?

கேபிள்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைப் பகைவராக நினைக்க வேண்டாம். 2017 விதிகளின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அடிப்படைக் கட்டணத்தில் 45 விழுக்காடு அவருக்கு, 55 விழுக்காடு மேலே இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு. 130 ரூபாயில் அவர் பங்கு 58 ரூபாய் 50 காசு. அதில்தான் கம்பி, ஆள் கூலி, கம்பத்தில் ஏறும் பையனின் சம்பளம் எல்லாம். தொகுப்புகளை வடிவமைப்பவர் அவரல்லர். மேலே இருப்பவர்கள் வடிவமைத்ததை அவர் வாசலுக்குக் கொண்டுவருகிறார். ஆகவே சண்டைக்குப் போகாதீர்கள், பட்டியலோடு போங்கள். ஒரு வீடு கேட்டால் "ஆகாது" என்பார். ஒரு சாலே சேர்ந்து கேட்டால் அவரும் மேலே கேட்பார்.

ஊரில் இருக்கும் நம் உறவினர்களுக்கு அரசு கேபிள் இருக்கிறது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று அது மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாட்டில் கட்டணமே அரசியல் கேள்வியானது. அங்கே வாக்கு இருக்கிறது, ஆகவே கேட்க ஆள் இருக்கிறது. இங்கே நமக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் செயற்குழு மூன்று வேலைகளை முன்வைக்கிறது. ஒன்று, ஒவ்வொரு சாலிலும் இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, அந்த வீட்டார் உண்மையில் பார்க்கும் சேனல்களைத் தாளில் எழுதித் தர வேண்டும். இரண்டு, இனி ரசீது இல்லாமல் யாரும் காசு கொடுக்கக் கூடாது. புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். மூன்று, ஒரே சாலில் பலர் கேட்டுக் கிடைக்காத தமிழ்ச் சேனல்களைச் சங்கம் தொகுத்துக் கேபிள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தரும். அதன் பிறகும் கிடைக்காவிட்டால், வானம் தெரிகிற, வீடு மாறாத குடும்பங்கள் டிஷ்ஷுக்கு மாறட்டும். மற்றவர்கள் கேபிளிலேயே பட்டியலைக் குறைத்துக்கொள்ளட்டும்.

"கைப்பேசியில் எல்லாம் வருகிறதே" என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்களுக்கு வருகிறது. நீங்கள் வேலைக்குப் போனால் கைப்பேசியும் உங்களோடு போய்விடுகிறது. பகல் முழுவதும் கோலியில் இருக்கும் ஆத்தாவுக்கும், அவர் மடியில் வளரும் பேரப்பிள்ளைக்கும் என்ன இருக்கிறது? பள்ளியில் இந்தி, தெருவில் மராத்தி. அந்தப் பிள்ளையின் காதில் தமிழ் விழுவது ஆத்தாவின் வாயிலிருந்தும் அந்தப் பெட்டியிலிருந்தும்தான்.

வெளியே போகும்போது வாசலில் தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். இன்றிரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பார்க்கும் சேனலை எழுதுங்கள். ஆத்தாவை முதலில் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடும் இந்த மாத ரசீதோடும் வாருங்கள். மீதியை அப்போது பேசுவோம்.